தாலி கட்டிவிட்டுக் காசிக்குப் போனவர்

"எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. கேட்பவர் மனதில் ஒன்றை வரித்துவிட்டுத்தான் வருவார். அதை நம் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு பெயரைச் சொல்லிவிட்டால், "ஆனா அதுல ஸ்கின் கலர் சரியா வராதுன்னு சொல்றாங்களே" என்று நமக்கே வகுப்பெடுப்பார். நீங்களும் அப்படித்தான். மறுக்க வேண்டாம். முதன்முதலில் எந்தக் கம்பெனிப் பெட்டியைப் பிரித்தீர்களோ, அந்தக் கம்பெனிக்கு ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாத வக்கீல். நான் மட்டும் விதிவிலக்கு. என் கம்பெனி உண்மையிலேயே நல்ல கம்பெனி.

போன வாரம் வந்த தம்பியின் கேள்வி கொஞ்சம் வேறு தினுசு. நண்பனோடு கூட்டுச் சேர்ந்து கல்யாண ஃபோட்டோ தொழில் தொடங்குகிறாராம். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகிற மாதிரி என்ன வாங்கலாம், அண்ணே? நல்ல கேள்வி. கும்பகோணத்தில் என்னோடு தொழில் தொடங்க வந்தபோது என் பார்ட்னர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் கேட்கவில்லை. கழுத்தில் நிக்கானை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். என் கழுத்தில் கேனான். பதிலைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாமி ஃபோன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். காது இன்னும் ஆறவில்லை.

"சார், லிங்க் வந்துது. எல்லாரும் உட்கார்ந்து டீவியிலே போட்டுப் பார்த்தோம். பேஷா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் புரியலை. மாப்பிள்ளை தாலி கட்டினப்புறம் எதுக்கு சார் காசிக்குக் கிளம்பறார்?"

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "அவருக்கு அப்போதான் புரிஞ்சிருக்கும்."

பார்ட்னரின் நிக்கான், ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சுத்தமான பாடி, ஷட்டர் அதிகம் ஓடவில்லை, ஒரு கீறல் கிடையாது. அதன் உள்ளே இருக்கும் கடிகாரம் மட்டும் டோக்கியோவிலேயே தங்கிவிட்டது. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நான் காலை ஆறு மணிக்கு எடுப்பதை அவன் ஒன்பதரைக்கு எடுக்கிறான், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, நேரப்படி அடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. நான் பெண்ணின் அறையில் இருந்தேன். காசி யாத்திரை முழுக்க அவன் பொறுப்பு. உண்மையில் அது நடந்தது ஆறு இருபதுக்கு. ஆல்பத்தில் நடப்பது ஒன்பது ஐம்பதுக்கு. அதற்குள் என் கேமராவில் மாலை மாற்றி, ஊஞ்சல் ஆடி, கன்னிகாதானம் முடிந்து, எட்டே காலுக்குத் தாலி கட்டி, ஏழு அடி நடந்து, அம்மி மிதித்து, பொரி போட்டாயிற்று. எல்லாம் நிறைவாக நடந்தேறிய பிறகு மாப்பிள்ளை கண்ணுக்கு மை இட்டுக்கொள்கிறார், குடையை எடுக்கிறார், விசிறியை எடுக்கிறார், கைத்தடியை எடுக்கிறார், புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலை நோக்கி நடக்கிறார். முகத்தில் ஒரு தெளிவு. பெண்ணின் அப்பா தேங்காயும் கையுமாக ஓடி வந்து வழிமறித்து, சந்நியாசமெல்லாம் வேண்டாம், என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். மாப்பிள்ளை யோசிக்கிறார். அந்த யோசனையை பார்ட்னர் வரிசையாக அடித்திருக்கிறான், பிரமாதமான க்ளோஸப்.

மனம் இரங்கித் திரும்பி வந்தவருக்குப் பத்து இருபதுக்கு மறுபடியும் மாலை மாற்றல். மாமன்மார் பெண்ணை இரண்டாம் தடவை தோளில் தூக்குகிறார்கள். பத்தே முக்காலுக்கு மறுபடியும் ஊஞ்சல். பத்து ஐம்பதுக்குத் தாத்தா வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். எட்டே காலுக்கு என் படத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்ட அதே தாத்தா. நடுவில் எங்கே போனார், யாருக்கும் தெரியாது. ஒருவேளை மாப்பிள்ளையோடு காசிக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பியிருக்கலாம்.

பதினொரு மணிக்குப் பந்தி. இது என் கேமரா. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஜாங்கிரி ஊட்டிக்கொள்கிறார்கள். திருச்சிப் பெரியப்பா மூன்றாம் முறையாகப் பாயசம் வாங்குகிறார். பதினொன்றரைக்கு நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் தாம்பூலப் பையும் பணமும் வாங்கிக்கொண்டு, வாத்தியங்களை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு விடைபெறுகிறார்கள். பதினொன்றே முக்காலுக்கு, இலை எடுத்துக் கை கழுவிய மாப்பிள்ளை மணவறைக்குத் திரும்பி வந்து, இன்னொரு ஆங்கிளிலிருந்து மறுபடியும் தாலி கட்டுகிறார். ஊருக்குப் போய்விட்ட தவில்காரர் கன்னம் துடிக்கக் கெட்டிமேளம் கொட்டுகிறார். சாப்பிட்ட தெம்பில் பெரியப்பா அட்சதையை ஓங்கி எறிகிறார்.

"ரெண்டு தரம் கட்டினா கெட்டிதான், பரவாயில்லை. ஆனா காசி மட்டும் கொஞ்சம் முன்னாடி வரட்டும்" என்றாள் மாமி. தங்கமான மனுஷி.

இதைச் சரிசெய்யத் தெரியாதவன் இல்லை நான். லைட்ரூமில் ஒரு கேமராவின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தை இத்தனை மணி பின்னால் தள்ளு என்றால் தள்ளிவிடும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதைச் செய்துதான் அனுப்புவேன். இந்தத் தடவை பார்ட்னர் அவசரப்பட்டு நேராக அனுப்பிவிட்டான். சரி, போகிறது என்று உட்கார்ந்து, அவன் படங்கள் எல்லாவற்றையும் மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி, புது லிங்க் அனுப்பினேன்.

மறுநாள் காலை மாமி. "சார், இப்போ காசி சரியா வந்துடுத்து. ஆனா பொண்ணு கார்த்தால அஞ்சரைக்கே அம்மி மிதிக்கறாளே? அப்போ அவ எழுந்துக்கவே இல்லையே?"

விசாரித்ததில், சப்தபதி நடக்கும்போது பார்ட்னர் தற்செயலாகக் கேமராவின் மெனுவைப் பார்த்திருக்கிறான். நேரம் தப்பு என்று ஞானோதயம். உடனே, அங்கேயே, ஹோமப் புகையில் நின்றுகொண்டு மாற்றியிருக்கிறான். சரியான நேரம் எதைப் பார்த்து வைத்தான்? வாத்தியார் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து. கல்யாண வீட்டாரை விரட்டுவதற்காக அந்த வாத்தியார் தன் கடிகாரத்தை இருபது நிமிஷம் கூட்டி வைத்திருப்பது ஊரறிந்த சங்கதி. ஆக, ஏழு அடியில் முதல் நான்கு ஜப்பான் நேரம், பாக்கி மூன்று வாத்தியார் நேரம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மாத்தினதைச் சொல்லக் கூடாதாடா?"

"நீதான மாப்ள ரொம்ப நாளா மாத்து மாத்துன்னு கத்துன?"

நேரப்படி வேண்டாம், ஃபைல் பெயர்ப்படி அடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 'ஐஎம்ஜி' என்று பெயர் வைக்கும். அவனுடையது 'டிஎஸ்சி'. ஆங்கில அகரவரிசைப்படி அவன் எடுத்ததெல்லாம் முதலில் வரும், நான் எடுத்ததெல்லாம் பின்னால். கம்பெனியே தரம் பார்த்துத்தான் வரிசை வைத்திருக்கிறது என்பது அவன் கட்சி.

சரி, தம்பிக்குப் பதில். முதலில் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் பாடியில் பூட்டிக்கொள்ளும் வளையத்தைச் சொல்லியாக வேண்டும்.

நிக்கான் தன் எஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது 1959-இல். அதைப் பல தலைமுறைக்குக் கட்டிக் காத்தார்கள். கேனான் 1987-இல் பழைய எஃப்டி மவுண்ட்டை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டு இஎஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் தலையில் துண்டு. பார்ட்னருக்குக் கோபம் வந்தால் இந்த 1987-ஐத்தான் எடுப்பான். "எங்காளு யாரையும் நடுத்தெருவுல விடல." அந்த வருஷம் அவன் பிறக்கவே இல்லை.

இரண்டு கம்பெனிக்கும் தலைமை அலுவலகம் டோக்கியோவில். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வளையத்தை எந்தப் பக்கம் திருகுவது என்று பேசி முடிக்க முடியவில்லை. என் லென்ஸை வலப்பக்கம் திருகினால் பூட்டிக்கொள்ளும், அவனுடையது இடப்பக்கம். ஜூம் வளையமும் நேர்மாறு. கெட்டிமேளச் சத்தத்தில் ஒருவர் கேமராவை இன்னொருவர் கையில் வாங்கினால், பக்கத்தில் இழுக்க வேண்டிய தாலி தூரத்துக்குப் போகும். எனக்கு மாங்கல்யத்துக்குப் பதில் மண்டபத்து மின்விசிறி கிடைத்திருக்கிறது.

லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மில்லிமீட்டர். கேனான் இஎஃப்-இல் 44. இந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மெல்லிய அடாப்டரைச் செருகி, அவன் லென்ஸை என் பாடியில் மாட்டலாம். என் லென்ஸை அவன் பாடியில் மாட்ட முடியாது. மாட்டினாலும் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. அதாவது அவன் லென்ஸ் என் வீட்டுக்கு வரலாம், என்னுடையது அங்கே போகாது. வந்தும் என்ன? வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கும், ஒரு வேலை செய்யாது. ஆட்டோஃபோகஸ் கிடையாது. கையால் திருகித் திருகி நான் மூக்கைக் கூர்மையாக்குவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே, ஒவ்வொரு கல்யாணத்திலும், சரியாக முகூர்த்த நேரத்தில், அந்தப் பக்கத்து ஸ்டூலிலிருந்து ஒரு கை நீளும். "மாப்ள, எழுபது-இருநூறு குடு." கொடுத்தால் என்னடா செய்வாய்? முகர்ந்து பார்ப்பாயா?

ஃபிளாஷுக்கும் இதே கதை. மேலே செருகும் ஷூவில் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி மட்டும் அநேகமாக எல்லோருக்கும் பொது. அதைத் தொட்டால் ஃபிளாஷ் வெடிக்கும், அவ்வளவுதான். எவ்வளவு வெளிச்சம் என்று கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்கிற மற்றப் புள்ளிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு இடத்தில். ஃபிளாஷ் விற்கும் கோடாக்ஸ்காரர்கள், தள்ளி நிற்கும் லைட்டை வெடிக்க வைக்கும் டிரிகரைக் கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்கிறார்கள். கீழே ஸ்டாண்டில் நிற்கிற லைட் மட்டும் யார் கூப்பிட்டாலும் கேட்கும். அதனால் லைட்டுகள் எங்களுக்குப் பொது. பொது என்பதால் மண்டபத்தில் விட்டுவிட்டு வந்தது யார் என்று இன்றுவரை முடிவாகாத கேஸ்கள் உண்டு.

கலர் பற்றி அதிகம் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஒரே கூறைப் புடவை. என் படத்தில் அரக்கு. அவன் படத்தில் மிளகாய்ப் பழம். மண்டபத்தில் மேலே மஞ்சள் லைட், மேடையில் வீடியோக்காரரின் வெள்ளை லைட், பின்னால் ஊதா எல்ஈடி. இரண்டு கேமராவையும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் இரண்டும் தனித்தனியாக ஊகிக்கும். ஊகத்தில் ஒற்றுமை எங்கிருந்து வரும்? இரண்டு பேரும் ஒரே கெல்வினில் வைத்து, மேடை ஏறியதும் ஒரு கிரே கார்டைப் படம் எடுத்துக்கொண்டால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம். பார்ட்னருக்கு அந்தக் கார்டில் நம்பிக்கை இல்லை. "மனுஷன் மூஞ்சியப் பாரு மாப்ள, அட்டையப் பார்த்து என்ன பண்ற?" ஷட்டரும் அப்படித்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்ஈடி விளக்கு வினாடிக்கு நூறு தடவை கண் சிமிட்டும். நூற்றில் ஒரு வினாடி வைத்தால் கோடு விழாது. அவன் இருநூற்றைம்பதில் ஒன்று வைப்பான். மணமக்கள் மேல் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அதற்குப் பெயர் கேண்டிடாம். "கூறை ஒண்ணுதானே சார் எடுத்தோம்?" என்று மாமியின் தங்கை கேட்டது தனி ஃபோன்.

சார்ஜரைப் பற்றி ஒரே வரி. அவன் பேட்டரி என் கேமராவில் போகாது, என்னுடையது அவனுடையதில் போகாது, மணவறைக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அதிலும் சீரியல் செட்காரர்.

தொழில் தொடங்கும்போது நாங்கள் முறைப்படி பத்திரம் எழுதிக்கொண்டவர்கள். 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தை மேற்கோள் காட்டி ஆடிட்டர் எழுதித் தந்தார். லாபம் சரிபாதி, நஷ்டம் சரிபாதி, பேங்கில் இரண்டு பேரும் கையெழுத்து, ஒருவர் விலகினால் இத்தனை மாத நோட்டீஸ், ஒருவர் காலமானால் வாரிசுக்கு இன்னது. சாவு வரைக்கும் யோசித்த அந்தப் பத்திரத்தில், உபகரணங்கள் என்பது ஒரு வரி: "கேமரா மற்றும் அதன் உதிரிகள்." கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைப்பது இரு பங்குதாரர்களின் கடமை என்று ஒரு ஷரத்து சேர்த்திருக்கலாம். ஆடிட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்கறதும் நல்லதுதான், பிரியும்போது சாமானுக்குப் பஞ்சாயத்து வராது என்றார். இந்த யோசனைக்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

தம்பி காத்திருக்கிறார். இதோ.

2018-இல் இரண்டு கம்பெனிகளும் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்குப் போனபோது மவுண்ட்டையும் மாற்றின. கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட். அறுபது வருஷமாக யாரையும் நடுத்தெருவில் விடாத நிக்கானும் வளையத்தை மாற்றிவிட்டது என்ற செய்தி வந்த அன்று நான் பார்ட்னருக்குக் கும்பகோணம் டிகிரி காபி வாங்கிக் கொடுத்தேன். பழைய லென்ஸுக்கு அடாப்டர் தருகிறார்கள் என்றான். தருகிறார்கள்தான். ஆனால் அவன் உயிராக வைத்திருக்கும் எண்பது-இருநூறு பழைய தினுசு; ஃபோகஸ் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும். அந்த அடாப்டரில் மோட்டார் இல்லை. அந்த லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. இன்னொரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

மாமி விவகாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஒரே சிஸ்டத்துக்கு மாறிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம். எந்த சிஸ்டம் என்பதில்தான் மதியம் தொடங்கி ராத்திரி ஆனது. ஆர்எஃப் என்றேன். அதற்குப் பதில் தொழிலை விட்டுவிட்டு அப்பாவின் பாத்திரக் கடைக்கே போய்விடுகிறேன் என்றான். இசட் என்றான். என் பிணத்தைத் தாண்டித்தான் என்றேன். கடைசியில் இருவருக்குமே பிடிக்காத சோனி என்று முடிவானது. அதில் நியாயமும் இருக்கிறது. 2011-லேயே அவர்கள் இ மவுண்ட்டின் கணக்கை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள். டாம்ரான், சிக்மா என்று மலிவாக நிறையக் கிடைக்கிறது. ஒரே பேட்டரி, ஒரே சார்ஜர், ஒரே கலர், ஒரே பக்கம் திருகல்.

"ரெண்டு பேரும் பழசை வித்துடணும்டா. அப்பத்தான் காசு தேறும்" என்றேன்.

"வித்துடலாம். நீ எப்ப விக்கிற?"

"நான் எதுக்கு விக்கணும்? பேக்கப்புக்கு ஒரு பாடி வேணும்ல."

"அப்ப எனக்கு மட்டும் பேக்கப் வேணாமா?"

சோனிக்கு முன்பணம் கட்டியாயிற்று. வரும்போது கடிகாரத்தைத் தானே வைத்துவிடுவதாக பார்ட்னர் சொல்லியிருக்கிறான். வாத்தியாரிடம் பேசிவிட்டானாம்.